வெப்ப மண்டலத்தில் ராஸ்பெர்ரி: வாய்ப்பும் வரம்பும்

மலைப்பகுதிகளில் வாழும் சிறு விவசாயியின் நிலம் படிப்படியாக வெட்டப்பட்ட சிறு துண்டுகளால் ஆனது. அந்நிலத்தில் பரப்பை விரிவாக்க வழியில்லை. விளைபொருளின் மதிப்பை உயர்த்துவதொன்றே வருவாயைப் பெருக்கும் வழியாகும். உருளைக்கிழங்கும் கோசும் பட்டாணியும் விலை வீழ்ச்சியுறும் ஆண்டுகளில், அதே நிலத்தில் வேறு என்ன பயிரிடலாம் என்ற வினா எழுகிறது. ஸ்ட்ராபெர்ரி அவ்வினாவுக்கு ஒரு விடையாக அமைந்தது. அதனையடுத்து, பெருநகரங்களில் மிக உயர்ந்த விலைக்கு விற்கப்படும் ராஸ்பெர்ரியின் மீது விவசாயிகளின் கவனமும் வளர்ச்சித்துறை அலுவலர்களின் கவனமும் திரும்பியிருப்பது இயல்பே.

ஆயினும் ராஸ்பெர்ரி குளிர் நாட்டுப் பயிர். வெப்பமான தட்பவெப்பத்தில் அதனை வளர்ப்பது இயலாத செயலன்று. ஆனால் எளிய செயலுமன்று. எந்த இடத்தில், எந்த வகையை, எந்தச் சந்தைக்காகப் பயிரிடுவது என்பதை முன்னரே ஆராய்ந்து முடிவு செய்யாவிடில், அரசின் மானியமும் விவசாயியின் கடனும் ஒருங்கே வீணாகும்.

பயிரின் இயல்பு

ராஸ்பெர்ரி ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த ரூபஸ் என்னும் பேரினத்தில் அடங்கும். உலகச் சந்தையில் காணப்படும் சிவப்பு ராஸ்பெர்ரியின் பெரும்பகுதி, ஐரோப்பாவையும் வட ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட ரூபஸ் ஐடியஸ் என்னும் இனத்திலிருந்து தோன்றியது. இதன் பழம் தனிக் கனியன்று. ஒரே மலரிலுள்ள பல சூலகங்கள் தனித்தனியே சதைப்பற்றுள்ள சிறு மணிகளாக முதிர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரு திரள்கனியாகின்றன. பறிக்கும்பொழுது பூத்தளம் செடியிலேயே தங்கிவிடுவதால் பழத்தின் உட்புறம் குழியாக இருக்கும். பிளாக்பெர்ரியிலிருந்து இதனை வேறுபடுத்திக் காட்டுவதும் இக்குழிவே. இப்பழம் எளிதில் நசுங்கிப் போவதற்கு முதற்காரணமும் இதுவே.

செடியின் வேர்ப்பகுதி பல்லாண்டு வாழ்வது; தண்டுகளோ ஈராண்டே வாழ்பவை. முதலாண்டில் தரையிலிருந்து கிளம்பும் தண்டு இலைகளுடன் ஓங்கி வளர்கிறது. குளிர்காலத்தில் உறக்கநிலை எய்தி, மறு ஆண்டு வசந்தத்தில் பக்கக் கிளைகள் விட்டுப் பூத்துக் காய்த்தபின் உலர்ந்து போகிறது. இதற்குள் அடுத்த தலைமுறைத் தண்டுகள் அருகில் முளைத்திருக்கும். இது பழைய வகைகளின் வாழ்க்கைச் சுழற்சி. இவற்றினின்றும் வேறுபட்டு, முதலாண்டுத் தண்டின் நுனியிலேயே பூத்துக் காய்க்கும் வகைகளும் உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1969 ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஹெரிட்டேஜ் என்னும் வகை இவற்றுள் பெயர் பெற்றது. வெப்பப் பகுதிகளுக்கு இவ்விரு பிரிவுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிக முக்கியமானது.

குளிர்ச்சித் தேவை

உறக்கநிலையிலுள்ள மொட்டு மீண்டும் விழித்தெழக் குறிப்பிட்ட அளவு குளிர்ச்சி தேவை. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியசுக்குக் கீழும் உறைநிலைக்கு மேலுமாக நிலவும் வெப்பநிலையில் கழியும் நேரத்தைக் கூட்டி, குளிர்ச்சி மணிகள் என்று கணக்கிடுவர். இரண்டாமாண்டில் காய்க்கும் ராஸ்பெர்ரி வகைகள் பலவற்றுக்கு 800 முதல் 1,600 மணி வரை குளிர்ச்சி வேண்டும். இது கிட்டாத இடத்தில் மொட்டுகள் ஒரே சீராக வெடிப்பதில்லை. தண்டின் சில கணுக்கள் மட்டுமே துளிர்க்கும், ஏனையவை குருடாகிவிடும். பூப்பு நெடுநாள் நீடிக்கும், விளைச்சல் சுருங்கும்.

இவ்விடத்தில் ஒரு தவறான கருத்தைக் களைய வேண்டும். தென்னிந்திய மலைநகரங்களில் சனவரி மாத இரவுகளில் உறைபனி விழுவதைக் கண்டு, அங்குக் குளிர்ச்சி போதும் எனக் கருதுவோர் உளர். அங்கு இரவு குளிர்ந்தாலும் பகல் வெயில் நன்கு காய்கிறது. இரவில் சேர்ந்த குளிர்ச்சியின் பயனைப் பகல் வெப்பம் ஓரளவு அழித்துவிடும் என்பது பீச் போன்ற பழமரங்களில் நிறுவப்பட்ட உண்மை. எனவே ஓர் இடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையைக் கொண்டு மட்டும் அதன் தகுதியை முடிவு செய்தல் தவறாகும். மணிக்கொரு முறை பதிவு செய்த வெப்பநிலைக் குறிப்புகளே நம்பத்தக்க அடிப்படையாகும்.

முதலாண்டுத் தண்டில் காய்க்கும் வகைகள் பூப்பதற்கு இந்த உறக்கநிலையைக் கடந்தாக வேண்டிய கட்டாயமில்லை. தண்டு போதிய கணுக்களுடன் வளர்ந்தபின் நுனியில் பூக்கள் தோன்றுகின்றன. குளிர்காலம் மென்மையாக இருக்கும் நாடுகளில் ராஸ்பெர்ரிச் சாகுபடி பரவியதற்கு இவ்வகைகளே பெருந்துணை புரிந்தன.

வெப்பத்தின் விளைவுகள்

குளிர்ச்சித் தேவையைக் கடந்துவிட்டால் தடை நீங்கியதாகாது. கோடை வெப்பம் இரண்டாம் தடையாகும். ராஸ்பெர்ரி இலை ஏறத்தாழ 20 டிகிரி வெப்பத்தில்தான் ஒளிச்சேர்க்கையைச் செவ்வனே நடத்துகிறது. 30 டிகிரிக்கு மேல் அத்திறன் விரைந்து குறைகிறது. பூக்கும் பருவத்தில் கடும் வெப்பம் நிலவினால் மகரந்தம் கெட்டு, மணிகள் முழுமையாகத் திரளாமல் பழம் உதிர்ந்து சிதறும். பழுக்கும் பருவத்தில் வெயில் நேரே தாக்கினால் சில மணிகள் நிறமிழந்து வெளுத்துவிடும். வறண்ட வெப்பத்தில் செஞ்சிலந்திப் பேன் பெருகும். ஈரமான வெப்பத்தில் வேரழுகல் நோய் தாக்கும். வடஇந்தியச் சமவெளி போன்ற இடங்களில் கோடைக்காலத்தைக் கடந்து செடியைக் காப்பதே பெருஞ்சிக்கலாக இருப்பதன் காரணம் இதுவே.

பிற நாடுகள் கண்ட வழிகள்

வெப்ப நாடுகள் இத்தடைகளை மூன்று வழிகளில் எதிர்கொண்டுள்ளன.

முதலாவது, உயரமான இடத்தைத் தேர்தல். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறைகிறது. மெக்சிகோ நாட்டின் ஹலிஸ்கோ மாநிலம் வெப்ப மண்டலத்தில் அமைந்திருந்தும், அதன் உயர்ந்த பீடபூமிகளில் ராஸ்பெர்ரி பெருமளவில் விளைகிறது. அங்கு முதலாண்டுத் தண்டில் காய்க்கும் வகைகளை வளைவுக் கூரைகளின் கீழ் வளர்த்து, கவாத்துக் காலத்தை மாற்றியமைத்து, அமெரிக்கச் சந்தையில் வரத்துக் குறைந்த மாதங்களில் அறுவடை செய்கின்றனர்.

இரண்டாவது, குளிர்ச்சியைக் கொண்டுவந்து சேர்த்தல். குளிர்ப் பகுதி நாற்றங்கால்களில் தண்டுகளை ஓராண்டு வளர்த்து, உறைநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பநிலையில் குளிர்பதனக் கிடங்கில் வைத்துக் குளிர்ச்சித் தேவையை நிறைவு செய்கின்றனர். பின்னர் அவற்றை வெப்பப் பகுதிக்குக் கொண்டு சென்று நட்டால் சில மாதங்களில் பழம் கிடைக்கிறது. ஸ்பெயினின் உவெல்வா வட்டாரத்திலும் மொராக்கோவிலும் இந்த நெடுந்தண்டு முறை வழக்கில் உள்ளது. விளைச்சல் உறுதியானது, எனினும் நடுகைப் பொருளின் செலவு மிக அதிகம்.

மூன்றாவது, வெப்பம் தாங்கும் இனங்களோடு கலப்பினம் செய்தல். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1972 ஆம் ஆண்டில் வெளியான டோர்மன்ரெட் என்னும் வகை, ரூபஸ் பார்விஃபோலியஸ் என்ற ஆசிய இனத்தின் வழியில் வந்தது. சிவப்பு ராஸ்பெர்ரி தழைக்காத வெப்பத்தையும் இது தாங்குகிறது. ஆனால் பழத்தின் சுவை ஐரோப்பிய வகைகளுக்கு ஈடாகாது.

நம் நாட்டுக் காட்டினங்கள்

மேற்கூறிய மூன்றாம் வழி இந்தியாவுக்குத் தனிச்சிறப்புடையது. ஏனெனில் வெப்பம் தாங்கும் ரூபஸ் இனங்கள் பல நம் மலைகளில் தாமாகவே வளர்கின்றன.

மஞ்சள் நிறப் பழம் தரும் ரூபஸ் எலிப்டிகஸ் குமாவூன் மலைகளில் ஹிசாலு எனப்படும். இமயத்தின் கீழ்மலைகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளிலும் இது காணப்படுகிறது. கோடையின் தொடக்கத்தில், வேறு பழங்கள் அரிதான காலத்தில் இது பழுக்கிறது. சுவை மிகுந்ததாயினும் பறித்த மறுநாளே கெட்டுவிடுவதால் உள்ளூர்ச் சந்தையைத் தாண்டிச் செல்வதில்லை.

மற்றோர் இனம் ரூபஸ் நிவியஸ். தண்டின் மீது வெண்பூச்சுப் படர்ந்திருக்கும். பழம் முதலில் சிவந்து, முதிர்ந்தபின் கருஞ்சிவப்பாகும். உலக நூல்களில் இதன் பெயர் மைசூர் ராஸ்பெர்ரி. இது குளிர்ச்சியை வேண்டாமலே காய்க்கும். கென்யா வழியாக அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தை அடைந்து, சிவப்பு ராஸ்பெர்ரி வாழாத அவ்வெப்ப நிலத்தில் வீட்டுத் தோட்டப் பயிராக நிலைபெற்றது. இந்திய ஊரின் பெயரைத் தாங்கி அயல்நாட்டுத் தோட்டங்களில் வளரும் இப்பயிர், தன் தாயகத்தில் இன்னும் பெரும்பாலும் வேலியோரப் புதராகவே இருப்பது சிந்திக்கத்தக்கது. பெரிய பழம், குறைந்த முள், உறுதியான சதை ஆகிய பண்புகளுடைய செடிகளைக் காடுகளிலிருந்து தேர்ந்து, பெருக்கி, ஒப்பிட்டு ஆராயும் பணி நம் ஆராய்ச்சி நிலையங்கள் விரிவாக மேற்கொள்ள வேண்டியதாகும்.

இடத் தேர்வு

இந்தியாவில் மூன்று வகை நிலப்பகுதிகளைக் கருதலாம். இமாசலப் பிரதேசம், உத்தரகண்டம் ஆகியவற்றின் நடுமலைப் பகுதிகள் முதலாவது. இங்குக் குளிர்காலம் ஓரளவு உதவும்; பழுக்கும் காலம் பருவமழையோடு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகள் இரண்டாவது. இங்குக் குளிர்ச்சி போதாது. ஆனால் கோடை கடுமையற்றது. சமவெளி மூன்றாவது. குளிர்காலத்தில் மட்டும் பழம் எடுத்துக் கோடையில் செடியைக் கைவிடும் முறையன்றி இங்கு வேறு வழி அரிது; அதற்கும் ஆண்டுதோறும் புதுச் செடி வாங்கும் செலவு குறுக்கே நிற்கும்.

இரண்டாம் பகுதிக்கு மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூரின் ஸ்ட்ராபெர்ரி 2010 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ராஸ்பெர்ரியும் இவ்வட்டாரத்தில் சிறிய அளவில் விளைகிறது. அட்சரேகையிலும் உயரத்திலும் இது மெக்சிகோவின் பெர்ரி விளையும் பீடபூமியை ஒத்தது. ஆனால் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டருக்கும் மிகுதி. அதுவும் நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ப்பது. எனவே அயல்நாட்டு முறையை அப்படியே பின்பற்றுதல் இயலாது. ஸ்ட்ராபெர்ரி இங்கு வெற்றி பெற்றதற்குத் தட்பவெப்பம் மட்டும் காரணமன்று. சுற்றுலாப் பயணிகள் என்னும் உள்ளூர்ச் சந்தை, பழத்தைக் கூழாக்கும் தொழிற்கூடங்கள், மும்பை, புனே நகரங்களின் அண்மை ஆகிய மூன்றும் சேர்ந்தே அதனை நிலைநிறுத்தின.

சாகுபடி முறை

மண் ஆழமானதாக, கரிமச் சத்து நிறைந்ததாக, நீர் தேங்காததாக இருத்தல் வேண்டும். அமில காரக் குறியீடு 5.5 முதல் 6.5 வரை இருப்பது நன்று. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் விளைந்த நிலத்தில் உடனடியாக ராஸ்பெர்ரியை நடலாகாது. அப்பயிர்களைத் தாக்கும் வெர்டிசிலியம் வாடல் நோய்ப் பூசணம் மண்ணிலேயே தங்கி ராஸ்பெர்ரியையும் தாக்கும். மலைப்பகுதிகளில் உருளைக்கிழங்கு பரவலாக உள்ளமையால் இவ்விதி முக்கியத்துவம் பெறுகிறது.

மழை மிகுந்த இடங்களில் மேட்டுப்பாத்தி இன்றியமையாதது. வேர்களின் பெரும்பகுதி மேல் மண்ணிலேயே பரவுவதால், வேரழுகலைத் தடுக்க வடிகாலும், வறட்சியைத் தடுக்கச் சொட்டுநீரும் ஒருங்கே தேவைப்படுகின்றன. வரிசைக்கு வரிசை 2.5 மீட்டரும் செடிக்குச் செடி அரை மீட்டரும் இடைவெளி விட்டால் ஹெக்டேருக்கு 8,000 செடிகள் அமையும். வைக்கோல், உலர்ந்த இலைகள் ஆகியவற்றால் மூடாக்கு இட்டால் மண் குளிர்ந்திருக்கும். தண்டுகளைத் தாங்க இருபுறமும் கம்பி கட்டுதல் வேண்டும். கோடையில் நிழல்வலையும் மழைக்காலத்தில் பிளாஸ்டிக் கூரையும் பயன் தரும். கூரையின் பக்கங்கள் திறந்திருத்தல் அவசியம். இல்லையேல் உள்ளே வெப்பம் மிகுந்துவிடும். மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீக்களும் வர இயலாது.

கவாத்தே இப்பயிரின் கடிவாளம். முதலாண்டுத் தண்டில் காய்க்கும் வகைகளில், அறுவடை முடிந்ததும் எல்லாத் தண்டுகளையும் தரையோடு வெட்டிவிடலாம். புதுத் தண்டு எழுந்து பழம் தர ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும் எனக் கொண்டால் அறுவடைக் காலத்தை முன்கூட்டியே திட்டமிடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சனவரி முதல் மார்ச்சு வரை பழம் வேண்டுமாயின், ஆகஸ்டு மாதத்தில் வெட்ட வேண்டும். அப்பொழுது மழை உச்சத்தில் இருக்கும். வெட்டிய தண்டின் வழியே பூசணம் நுழையாதிருக்கக் கூரையும் வடிகாலும் அதற்கு முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும். வகைக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப இக்கால அளவு மாறுமாதலால், ஒவ்வொரு வட்டாரத்திலும் சில வரிசைகளை இரு வார இடைவெளியில் வெட்டிப் பார்த்து உரிய நாளைக் கண்டறிதல் நலம்.

அறுவடையும் சந்தையும்

பறித்தபின் ராஸ்பெர்ரி பழுப்பதில்லை. ஆதலின் முழுதும் கனிந்த நிலையில், இரண்டு அல்லது மூன்று நாட்களுக்கு ஒருமுறை, காலைக் குளிர்ச்சியில் பறிக்க வேண்டும். ஒரு பழம் 4 கிராம் என்று கொண்டால் ஒரு கிலோவுக்கு 250 பழங்கள் பறித்தாக வேண்டும். ஒவ்வொன்றும் கையால், நசுக்காமல், தனியே பறிக்கப்படுவது. இதனால் கூலிச் செலவு மிகும். அதே காரணத்தால் மலைக் கிராமப் பெண்களுக்கு வேலை வாய்ப்பும் மிகும். பறித்த கூடையிலிருந்து மீண்டும் வேறு பெட்டிக்கு மாற்றுதல் கூடாது. விற்பனைக்குரிய சிறு பெட்டியிலேயே நேரே பறித்தல் வேண்டும்.

பறித்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்கி, பூச்சியம் டிகிரிக்கு அருகில் வைத்தாலும் பழம் சில நாட்களே தாங்கும். குளிர்பதன வசதியற்ற ஊரில் அது ஒரு நாளும் தாங்குவது அரிது. பெருநகரக் கடையில் காணும் விலை விவசாயிக்குக் கிட்டும் விலையன்று. அவ்விரண்டுக்கும் இடையே குளிர்பதன வண்டி, சிப்பம், கழிவு, இடைத்தரகு ஆகியவை உள்ளன. நகர விலையைப் பெருக்கல் வாய்பாட்டில் இட்டு வருவாயை மதிப்பிடும் திட்ட அறிக்கைகள் விவசாயியை ஏமாற்றத்தில் ஆழ்த்தும். பழத்தில் ஒரு பகுதி பதப்படுத்தலுக்கே செல்லும் என்று தொடக்கத்திலேயே கணக்கிடுவதே அறிவுடைமை. உறையவைத்த பழம், கூழ், பழப்பாகு, ஜாம் ஆகியவற்றுக்கு வடிவம் கெட்ட பழமும் ஏற்றது. 2020 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் முறைப்படுத்தும் திட்டம் இத்தகைய சிறு தொழில்களைக் கருதியே வகுக்கப்பட்டதாகும்.

நடுகைப் பொருள்

நச்சுயிரி நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்தில்லை. அண்டை வீட்டாரின் தோட்டத்திலிருந்து வேர்க்குருத்துகளை வாங்கி நடும் வழக்கம் நோயைப் பரப்பும். திசு வளர்ப்பில் உருவாகி, நச்சுயிரிச் சோதனையில் தேறிய கன்றுகளே ஏற்றவை. திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை 2006 ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அயல்நாட்டிலிருந்து கன்றுகளைத் தருவிப்போர் 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைக்கு உட்பட்டே செயல்பட வேண்டும். புதிய அயல்நாட்டு வகைகள் பல தனியாரின் உரிமைக்கு உட்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். அவற்றைப் பெருக்கும் உரிமை, பழத்தை விற்கும் நிபந்தனை ஆகியவற்றை ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னரே விவசாயிக்கு அவர் தாய்மொழியில் விளக்கிக் கூறுவது விரிவாக்க அலுவலரின் கடமை.

ஓர் எச்சரிக்கை

ரூபஸ் இனங்களின் வீரியமே அவற்றின் கேடுமாகும். பறவைகள் பழத்தை உண்டு விதையைப் பரப்புகின்றன. வளைந்து தரையைத் தொடும் தண்டின் நுனி வேர்விட்டுப் புதுச் செடியாகிறது. ஹவாய்த் தீவுகளில் நம் மஞ்சள் ராஸ்பெர்ரியும், கலாபகஸ் தீவுகளில் மைசூர் ராஸ்பெர்ரியும் இயற்கைக் காடுகளை நெருக்கி அழிக்கும் களைகளாக மாறியுள்ளன. உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் ரூபஸ் எலிப்டிகஸ் இடம் பெற்றுள்ளது. தாய்நிலத்தில் இயற்கைப் பகைகளால் கட்டுண்டு கிடக்கும் செடி புதுநிலத்தில் கட்டற்றுப் பரவுகிறது. எனவே ஓர் இனத்தை அது இயல்பாக வளராத மலைக்குக் கொண்டு செல்லுமுன், சோலைக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் நேரக்கூடிய தீங்கை வனத்துறையுடன் கலந்து ஆராய்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து செயல்முறைக்கான ஒரு வரிசை தெளிவாகிறது. முதற்படி, வட்டாரத்தின் வெப்பநிலைக் குறிப்புகளைத் திரட்டுதல். இரண்டாவது, சில சென்ட் பரப்பில், அயல்நாட்டு வகைகளையும் உள்ளூர் இனங்களையும் அருகருகே நட்டு மூன்று பருவங்களேனும் சோதித்தல். மூன்றாவது, குளிரூட்டும் அறையும் பதப்படுத்தும் கூடமும் சந்தைத் தொடர்பும் உறுதியானபின், உற்பத்தியாளர் அமைப்புகள் வாயிலாகப் பரப்பை விரிவாக்குதல். 2014-15 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் போன்ற திட்டங்களின் உதவி இவ்வரிசையை ஒட்டி அமையுமானால் பயன் தரும். கன்றுகளை முதலில் வழங்கிவிட்டுக் குளிர்பதன அறையைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்னும் போக்கு, பழம் பழுக்கும் முதல் வாரத்திலேயே தோல்வியைக் காட்டிவிடும்.

ஆராய்ச்சித் துறையிலும் அடித்தளம் உள்ளது. ஸ்ரீநகரிலுள்ள மத்திய குளிர்மண்டலத் தோட்டக்கலை நிறுவனம், சோலன் அருகே நௌனியிலுள்ள தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகம், பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை இருவேறு தட்பவெப்பங்களில் அமைந்துள்ளன. வடக்கின் அனுபவமும் தெற்கின் காட்டினங்களும் ஒன்றுசேர்ந்தால் நம் வெப்பத்துக்கேற்ற கலப்பினம் பிறக்கக்கூடும்.

அவ்வகை உருவாகும் வரை, ராஸ்பெர்ரி எல்லா மலை விவசாயிகளுக்கும் உரிய பயிரன்று. நீரும் வடிகாலும் குளிர்பதனமும் அருகில் சந்தையும் உடையவர்க்கே உரியது. அவர்களும் தம் நிலம் முழுவதையும் அதற்கு ஒப்படைக்காமல் சில வரிசைகளில் தொடங்குதல் நலம். வரம்பை அறிந்து தொடங்கும் சிறு தோட்டம் விவசாயியின் குடும்பத்துக்கு நிலையான துணை வருவாயாகும். வரம்பை மறந்து தொடங்கும் பெருந்தோட்டம் அவரது கடன் சுமையைப் பெருக்கும். இவ்வேறுபாட்டை முதல் கன்றை நடுமுன் எடுத்துரைப்பதே திட்டமிடுவோரின் பொறுப்பாகும்.